மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு எவ்வளவு நடக்கலாம்?

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்து தாம்பரம் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு உறவினர்கள் முதலில் சொல்வது, "அசையாம படுத்திரு". அக்கறையில் சொல்வதுதான். ஆனால் படுக்கையிலேயே கிடந்தால் தசை கரையும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொடைத் தசை இன்னும் வேகமாகக் கரையும். கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லையா? அதுவே முதல் எச்சரிக்கை.

வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தொடங்கிய சிகிச்சை இது. அளவான உடற்பயிற்சியும் அதன் ஒரு பகுதி என்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

எப்படித் தொடங்குவது?

கூடத்திலேயே ஐந்து நிமிட நடை, நாளுக்கு மூன்று நான்கு முறை. நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் போதும். தெம்பு வர வர நேரத்தைக் கூட்டலாம்.

எப்போது கூடாது?

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தட்டணுக்கள் 20,000-க்குக் கீழே இருந்தால் எடை தூக்கக் கூடாது. 10,000-க்கும் கீழே போனால் மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியே வேண்டாம். தலைசுற்றல், நெஞ்சுவலி, ரத்தக்கசிவு வந்தால் அப்போதே நிறுத்துங்கள்.

எங்கே நடப்பது?

ஜி.எஸ்.டி. சாலையோரமும் கட்டட வேலை நடக்கும் தெருவும் வேண்டாம். அந்தத் தூசியில் பூஞ்சைக் கிருமி இருக்கும். புறா எச்சம் கிடக்கும் மொட்டை மாடியும் அப்படித்தான். உச்சி வெயில் தோல் பாதிப்பைக் கிளறிவிடும். முடிச்சூர், வரதராஜபுரத்தில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் கூடமே நடைபாதை.

கேட்டு வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் ஆகும்போதே பிசியோதெரபிஸ்டைப் பார்த்து, பயிற்சி அட்டவணையை எழுதி வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். எழுத்தில் கேட்டு, நகலில் தேதியோடு கையொப்பம் பெறுங்கள். தராமல் இழுத்தடித்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சையில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; அதற்குக் கட்டணம் இல்லை.

ஒரு நோட்டில் தேதி, தட்டணு எண்ணிக்கை, நடந்த நிமிடம் மூன்றையும் எழுதி வாருங்கள். அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் அதை நீட்டினால், "இன்னும் எவ்வளவு நடக்கலாம்?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் வராது, உங்களுக்கான பதிலே வரும்.