கடைக் கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸ் போடும் முன்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு 14.10.2025-உடன் முடிந்துவிட்டது. அதுமுதல் நம் உறுப்பினர்கள் பலரது கடைகளில் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றும் வேலை நடந்து வருகிறது. செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் உள்ள என் மளிகை மொத்தக் கடையில் கம்ப்யூட்டர் மிகவும் மந்தமாகிவிட்டது. கீழேயிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மெக்கானிக் வருவதே அபூர்வம். வந்தவர், "கணக்கெல்லாம் டி டிரைவில்தானே இருக்கிறது?" என்று கேட்டார். விவரம் தெரியாமலே தலையாட்டிவிட்டேன். மாலையில் கம்ப்யூட்டர் புதிதுபோல் ஓடியது. டேலியைத் திறந்தால் கம்பெனிப் பெயரே இல்லை. கணக்கு இருந்தது சி டிரைவில்!

அப்போது மிளகு அறுவடைக்குச் சற்று முந்திய நேரம். மலையில் மிளகு விற்றுத்தான் கடன் தீரும். எனவே வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, குண்டூர்நாடு பக்கத்துச் சிறு கடைக்காரர்களின் பாக்கி முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. கார்பன் பில்களை வைத்துப் பாதியை மீட்டோம். மீதிக்கு அவரவரிடமே போய், "உங்கள் பாக்கி எவ்வளவு?" என்று கேட்க வேண்டியதாயிற்று. ஒரு அம்மாள் தன் நோட்டைக் கொண்டு வந்து, நான் நினைத்திருந்ததைவிடக் கூடுதலாகவே எண்ணிக் கொடுத்தார். இன்னொருவருக்கும் எனக்கும் தொகை ஒத்துவரவில்லை. பாதிப் பாதி என்று முடித்தோம். இருபது வருடப் பழக்கம், அதன்பின் அவர் நம் கடைக்குச் சரக்கெடுக்க வரவில்லை. அவர் சொன்ன தொகைதான் சரியோ என்று இன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

முன்பெல்லாம் சிட்டையில் குறித்து, நாள்வழியில் எழுதி, பேரேட்டில் ஏற்றுவோம். ஒன்றைக் கரையான் அரித்தால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு தடவை அடித்தால் போதும் என்றானது. வேலை குறைந்தது, கூடவே இரண்டாவது பிரதியும் போய்விட்டது. இதை நம்மில் பலர் கவனிக்கவில்லை.

விண்டோஸைப் புதிதாகப் போடும்போது சாதாரணமாக சி டிரைவ் முழுவதும் அழிக்கப்படும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்து இறக்கிய பில்களும் அங்கேதான் இருக்கும். டி டிரைவ் தனிப் பெட்டி அன்று. ஒரே ஹார்ட் டிஸ்க்கைத் தடுப்பு வைத்துப் பிரித்ததுதான். டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும்.

டேலிபிரைமில் ஆல்ட் விசையுடன் ஒய் அழுத்தினால் டேட்டா பட்டி வரும். அதில் பேக்கப் கொடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் பென் டிரைவ் ஒன்றிலும் எடுங்கள். டேட்டா ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்துக்கொள்வது நல்லது. டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் எழுதி வையுங்கள். அது மறந்தால் நகல் இருந்தும் திறக்காது. துடைப்பதற்கு முன் டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டால் பிறகு மறுபடி ஏற்றுவது சுலபம். புதிய லேப்டாப் சிலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே போட்டிருக்கும். அதற்குரிய 48 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் மறப்பது தமிழ் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் விலைப்பட்டியல் அடித்து வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுக்காவிட்டால், திறக்கும்போது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில், அதே டேலி பதிப்பு அல்லது அதைவிடப் புதிய பதிப்பில், ரீஸ்டோர் செய்து பாருங்கள். கடைசிப் பில் எண்ணும் இரண்டு மூன்று பேருடைய பாக்கியும் ஒத்திருந்தால்தான் மெக்கானிக்கிடம் சரி என்று சொல்லலாம். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போல் ஒன்று வந்தால், கம்ப்யூட்டரும் அதன் பக்கத்து மேஜையறையில் இருக்கும் பென் டிரைவும் சேர்ந்தே நனையும்.

தாக்கல் செய்த ஜி.எஸ்.டி. ரிட்டன் அரசுத் தளத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ரிட்டன் இருக்கும், நம் கடன் பாக்கி அங்கே இராது. மேலும், ஆண்டு ரிட்டனுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை நாமே வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ஆகவே நடப்பு ஆண்டை மட்டும் எடுத்தால் போதாது.

புது விண்டோஸ் வந்ததும் நகலை உடனே அழித்துவிடாதீர்கள். மாதாமாதம் ரிட்டன் போடுபவர்கள் அடுத்த 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் தாண்டட்டும். பில் பிரிண்டரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.