டென்னிஸ் வீரனின் மனம்

நுவரெலியாவில் சித்திரை மாதப் பருவகாலம் என்றதும் மலர்க்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் மலையேறும் மோட்டார்ப் போட்டியும் எல்லோர் நினைவுக்கும் வரும். டென்னிஸ் பலர் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் எமது மலைநாட்டில் அந்த ஆட்டம் நேற்று வந்ததன்று. 1874 ஆம் ஆண்டில் வால்ட்டர் விங்ஃபீல்ட் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலமும் ஏறத்தாழ அதுவே. துரைமார் பங்களாக்களை அடுத்தும் கிளப்புகளை அடுத்தும் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி டென்னிஸ் தளங்கள் அமைக்கப்பட்டன. சரிவை வெட்டிய கைகள் யாருடையவை என்று எமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தளங்களிலே துரைமார் ஆடினார்கள். லயத்துப் பிள்ளைகள் பந்து பொறுக்கினார்கள்.

அவ்வாறு பந்து பொறுக்கிய ஒருவரின் பேரன் எம்மிடம் படித்தான். அவனை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய நான்கு மட்டைகள் எமது பாடசாலைக்கு வந்து சேர்ந்தன. தளம் கிடையாது. பெண்பிள்ளைகளின் வலைப்பந்துத் தளத்திலே கயிறு கட்டி ஆடினோம். அந்தப் பையன் மட்டையைப் பிடித்த இரண்டாம் நாளே, இவன் மற்றவர்களைப் போன்றவன் அல்லன் என்பது தெரிந்துவிட்டது. பந்து எங்கே வரும் என்று அறிந்து, அது வருமுன் அங்கே நிற்பான். மாலையில் ஆள் கிடைக்காவிட்டால் மண்டபத்துச் சுவரோடு ஆடுவான். சுவர் ஒருபோதும் தவறவிடாது. அதனோடு ஆடி வென்றவர் உலகில் இல்லை. வேறூர்ப் பாடசாலை ஒன்றில் நடைபெற்ற போட்டிக்கு அவனை அழைத்துச் சென்றோம். ஒரே செட் ஆட்டம். 4-1 என்று முன்னணியில் நின்றான். கோட்டருகே விழுந்த ஒரு பந்தை வெளியே என்று நடுவர் சொன்னார். அதன் பின்பு அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. 4-6 என்று தோற்று, மட்டையைத் தரையில் எறிந்து, எல்லோரும் பார்க்க அழுதான்.

வரும் வழியிலே பஸ்ஸில் வைத்து, “உனக்குக் கை இருக்கிறது, மனம் இல்லை. இந்த விளையாட்டுக்கு ஏற்ற குணம் பிறவியிலேயே அமைய வேண்டும்” என்று சொன்னோம். கோபத்தில் சொன்னதன்று, அப்போது அதை உண்மையென்றே நம்பினோம்.

அது உண்மையா? அதை ஆராய்வதே எமது நோக்கம்.

டென்னிஸ் தனிமையான ஆட்டம். கிரிக்கெட்டில் ஒருவர் ஆட்டமிழந்தால் பந்தலுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம். உதைபந்தாட்டத்தில் பத்துப் பேர் துணை. டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்திலோ தவறு செய்தவன் அங்கேயே நிற்க வேண்டும். அடுத்த பந்தையும் அவனே ஆட வேண்டும். இன்றைய பெரிய போட்டிகளில் ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குமுன் 25 விநாடி அவகாசம் உண்டு. மணிக்கணக்கில் நீளும் ஆட்டத்தில் பெரும் பகுதி இவ்விதம் பந்து ஓடாத நேரமே. அந்த நேரத்தில் ஆட்டக்காரனின் மனம் என்ன செய்கிறது என்பதிலேதான் வெற்றி தோல்வி பெரிதும் தங்கியிருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் ரொஜர் பெடரர் 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவிலே ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அவற்றுள் ஏறத்தாழ 80 சதவீதத்தில் வென்றார். ஆனால், ஆடிய புள்ளிகளிலே அவர் வென்றது 54 சதவீதம் மாத்திரமே. விம்பிள்டன் பட்டத்தை எட்டு முறை வென்ற மனிதரும் இரண்டு புள்ளிக்கு ஒன்றை ஏறக்குறைய இழந்துகொண்டே இருந்திருக்கிறார்! 2019 ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அவர் 218 புள்ளிகளும் ஜோக்கோவிச் 204 புள்ளிகளும் பெற்றனர், வென்றவரோ ஜோக்கோவிச். ஐந்தாம் செட்டில் 8-7 என்ற நிலையில் இரண்டு பட்டப் புள்ளிகள் பெடரர் கையில் இருந்தன. அவற்றைத் தடுத்து நின்று மீண்டவர் ஜோக்கோவிச். ஆகவே பெரிய வீரன் என்பவன் புள்ளியை இழக்காதவன் அல்லன். இழந்த புள்ளியைத் தன்னோடு சுமந்து செல்லாதவன்.

இதற்குச் சான்று தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. நாகர்கோவிலில் 1937 இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனைப் பாருங்கள். தந்தையார் டி. கே. இராமநாதனும் பெயர்பெற்ற ஆட்டக்காரர். மகனுக்கு ஆசானும் அவரே. கிருஷ்ணனிடம் இடி போன்ற ‘சேர்வ்’ இருந்ததில்லை. அவருடைய சேர்வை மென்மையானது என்றே எல்லோரும் எழுதினார்கள். புல்தரையில் சேர்வையே நம்பி ஆடிய அவுஸ்திரேலியர் உலகை ஆண்ட காலம் அது. அந்தக் காலத்திலேதான் 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் ஆனார். 1960 இலும் 1961 இலும் விம்பிள்டன் அரையிறுதிக்குச் சென்றார். 1961 இல் ரோய் எமர்சனை நேர் செட்களில் வென்றே அந்த நிலையை அடைந்தார். இரு முறையும் அவரைத் தோற்கடித்தவர்கள் நீல் பிரேசரும் ரொட் லேவரும்; இருவரும் அவ்வவ்வாண்டிலே பட்டம் வென்றவர்கள். 1962 இல் நான்காம் தர வரிசையில் வைக்கப்பட்டும் கணுக்கால் காயத்தால் இடையில் விலக நேர்ந்தது.

தம்மிடம் இல்லாத பலத்தை எண்ணி ஏங்காமல், இருக்கும் நுட்பத்தைக் கூர்மையாக்கியதே அவருடைய பெரிய குணம் என்போம். எதிரியின் வேகத்தையே கடன் வாங்கி, பந்தை அவன் நில்லாத இடத்துக்கு அனுப்புவார். தன்னை அறிந்தவனுக்கன்றி இது கைவராது. தொழில்முறை ஆட்டத்துக்கு வருமாறு 1959 இல் அமெரிக்கர் ஜாக் கிரேமர் பெருந்தொகை பேசி அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்தார். அக்காலத்தில் தொழில்முறைக்குச் சென்றவர் விம்பிள்டனிலும் டேவிஸ் கிண்ணத்திலும் ஆட முடியாது.

1966 ஆம் ஆண்டு டேவிஸ் கிண்ணப் போட்டியில் இந்தியாவும் பிரேசிலும் கல்கத்தாவில் மோதின. இரு பக்கமும் இரண்டு வெற்றி. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தோமஸ் கோச்சுக்கும். கோச் இளைஞர்; இடக்கை வீரர்; அடி பலமானது. கோச் இரண்டு செட் வென்றிருந்தார், கிருஷ்ணன் ஒன்று. நான்காம் செட்டில் கோச் 5-2 என்று முன்னேறிவிட்டார். இன்னும் ஓர் ஆட்டம் வென்றால் பிரேசில் இறுதிப் போட்டிக்குப் போகும். பார்க்க வந்தவர்கள் வீடு திரும்ப எழுந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிருஷ்ணன் அடுத்த ஐந்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று அந்தச் செட்டை 7-5 என்று முடித்தார். ஐந்தாவதை 6-2 என்று வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டிக்குச் சென்றது. மெல்பேர்னில் அவுஸ்திரேலியா 4-1 என்று வென்றாலும், அங்கே இந்தியா பெற்ற ஒரே வெற்றி, ஜெய்தீப் முகர்ஜியோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தில் நியூகொம்பையும் ரோச்சையும் கிருஷ்ணன் வென்றதுதான்.

2-5 என்ற நிலையில் அவர் எதை எண்ணினார்? எதுவும் எண்ணவில்லை என்பதே எமது ஊகம். அடுத்த பந்தை மாத்திரம் பார்த்திருப்பார். இப்படிச் சொல்வது எளிது. ஐயாயிரம் பேர் கூச்சலிடும்போது செய்வது எளிதன்று.

“அவருக்கு இயல்பிலேயே அமைந்த அமைதி அது” என்று சிலர் சொல்லக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் வேறு சிலரின் இளமைக் கதையைப் படித்தபோது எமது எண்ணம் ஆட்டங்கண்டது. சுவீடனின் பியோன் போர்க் 1976 முதல் 1980 வரை ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டன் வென்றவர். பனிக்கட்டி என்றே பெயர் பெற்றவர். அவரும் சிறு வயதில் மட்டையை எறிந்து கூச்சலிட்டவர். அதற்காகக் கழகத்திலிருந்து சில காலம் விலக்கப்பட்டவர். பெடரரும் இளமையில் மட்டைகளை உடைத்தவர், தோற்றால் அழுதவர். பிற்காலத்தில் உலகம் கண்ட அமைதி அவர்கள் கூடப் பிறந்ததன்று. மண்ணை மிதித்து மிதித்துப் பாதையாக்குவது போல நாள்தோறும் பழகிப் பெற்றது.

விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவின் ஜோன் மெக்கன்ரோவுக்குக் கோபமே விறகு. நடுவரைத் திட்டிவிட்டு அடுத்த பந்தை முன்னிலும் நன்றாக ஆடுவார். ஆனால் அந்த விறகு அவரையே சுட்ட நாளும் உண்டு. 1990 இல் அவுஸ்திரேலியப் போட்டியிலிருந்து நடத்தைக்காக வெளியேற்றப்பட்டார். அவரைப் பின்பற்றுமாறு எந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்ல மாட்டோம்.

சென்னையின் விஜய் அமிர்தராஜின் கதை வேறு வகை. குழந்தைப் பருவத்தில் மூச்சுத்திணறல் நோயால் வாடியவர். உடல் தேறட்டும் என்று பெற்றோர் அவரைத் தளத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை 1973 இல் விம்பிள்டனிலும் ஐக்கிய அமெரிக்கப் போட்டியிலும் காலிறுதிக்குச் சென்றார். ஆனால் 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கொனர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் வென்றுவிட்டுப் பின்பு மூன்றையும் இழந்தார். ‘கொல்லும் வெறி’ அவரிடம் இல்லை என்று அன்றைய விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். நற்குணம் வெற்றிக்குத் தடை என்பது அவர்களின் கட்சி. எமக்கு அது உடன்பாடன்று. கொனர்ஸ் அன்று வென்றது அவர் கொடியவர் என்பதால் அன்று. இரண்டு செட் போன பின்னும் ஆட்டம் முடிந்துவிட்டதென்று ஒப்புக்கொள்ளாததால். மென்மையான மனிதரும் அவ்வாறு ஒப்புக்கொள்ளாதிருக்கலாம். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் மென்மையானவர்; சேர்வும் தந்தையைப் போலவே. அவர் 1989 இல் மெல்பேர்னில், அன்று உலகின் முதல் நிலை வீரராயிருந்த மட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வென்றார்.

இனி எமது கதைக்கு வருவோம்.

போட்டி முடிந்த மறுநாள் பையன் பாடசாலைக்கு வரவில்லை. அவனுடைய பாட்டனார் வந்தார். எண்பது வயதை நெருங்கியவர். மட்டையைச் சாக்குத் துணியில் சுற்றி எடுத்து வந்து எமது மேசைமேல் வைத்தார். “பயல் வேணாங்கிறான் ஐயா” என்றார். அதற்குமேல் பேசாமல் நின்றவரை அமரச் செய்து தேநீர் வரவழைத்தோம். அப்போதுதான், தாம் சிறுவனாயிருந்தபோது துரைமார் கிளப்பிலே பந்து பொறுக்கிய கதையைச் சொன்னார்.

“தொரைமாரு ஆடுறப்ப நாங்க பந்த மட்டுமா பாப்போம்? பந்து வலையில விழுந்தா எடுக்க ஓடுவோம். அப்ப அவுக மொகத்தப் பாப்போம். ஒரு தொரை பெரிய பெரிய அடியா அடிப்பாரு. ஒரு பந்து தப்பிட்டா மட்டையத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு, எங்களத் திட்டுவாரு. இன்னொருத்தரு குட்டையா இருப்பாரு. அடியில பெலமில்ல. பந்து தப்பினா மட்டைக் கம்பிய வெரலால ஒருக்கா நெரடிப்புட்டு, போயி நின்னுக்குவாரு. எந்நாளும் அவருதான் செயிப்பாரு. யாரு செயிப்பாங்கன்னு பயலுக நாங்க முன்னாடியே சொல்லிப்புடுவோம்.”

“அப்படியானால் அவர் பிறவியிலேயே பொறுமைசாலி போலும்” என்றோம்.

பெரியவர் சிரித்துவிட்டார். “அவரா? தோட்டத்துக்கு வந்த புதுசுல மட்டைய ஒடச்சவரு ஐயா. ஒடஞ்ச மட்டைய எங்கப்பாதான் அடுப்புல வச்சாரு. ரெண்டு மூணு வருசம் கழிச்சுத்தான் அந்தக் கம்பி நெரடுறது வந்துச்சு.”

டென்னிஸைப் பற்றி நாம் படித்த நூல்களில் இல்லாத ஒன்றை, பள்ளிக்கூடம் சென்றறியாத அப்பெரியவர் ஒரு கோப்பைத் தேநீர் முடிவதற்குள் சொல்லிவிட்டார். தோற்று அழுதவனுக்கு நாம் தீர்ப்பு எழுதியிருந்தோம். பழக்கித் தந்திருக்க வேண்டியது அந்த நெருடலைப் போன்ற ஒரு சிறு வழக்கத்தை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதற்கு எத்தனை ஆண்டு இருந்தது! அன்று மாலையே லயத்துக்குச் சென்று அவனிடம் பேசினோம். பாடசாலைக்கு வந்தான்; மட்டையைத் தொடவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதியதும், எமது பிள்ளைகள் பலரைப் போல, கொழும்பிலே கடை ஒன்றில் வேலைக்குச் சென்றுவிட்டான்.

இன்று எமது தளத்திலே ஆடும் பிள்ளைகளுக்கு, பந்து தப்பினால் என்ன செய்வது என்பதை அடிக்கும் முறைக்கு முன்பே சொல்லிக் கொடுக்கிறோம். ஒருத்தி மட்டைக் கம்பியை நெருடுகிறாள். ஒருவன் வலையைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்க்கிறான். மூடுபனி இல்லாத நாளில் அதுவும் நல்ல வழிதான். பனியில் பந்து நனைந்து கனத்துவிடும். காற்று மெலிந்த இந்த உயரத்தில் காய்ந்த பந்தோ எண்ணியதைவிட நீளப் பறக்கும். ஒரே மாலையில் இரண்டும் நேரும். அதற்காக யாரையும் நொந்துகொள்ள முடியாது என்பதையும் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

சென்ற தீபாவளிக்கு அந்தப் பையன் ஊருக்கு வந்திருந்தான். மீசை அரும்பியிருந்தது. பாடசாலை வாசலில் நின்று ஊர்க்கதைகள் பேசினான். பாட்டனார் காலமானதைச் சொன்னான். போகும்போது, “சேர், அந்த மட்டை இருக்கா?” என்று கேட்டான். அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ஈரத்தில் கம்பிகள் தளர்ந்திருந்தன. விரலால் அவற்றைத் தட்டிப் பார்த்தான், சிரித்தான். நாம் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியபோது மண்டபத்துப் பக்கமிருந்து பந்து சுவரில் மோதும் ஓசை கேட்டது. ஒரு முறை நின்றது. பிறகு மீண்டும் கேட்டது.