கொரிய முதலாளியும் காஞ்சித் தொழிலாளியும்

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று ஊருக்கு ஊர் கொரிய எழுத்துப் பலகைகள் கண்ணில் படுகின்றன. 1996-ல் ஹூண்டாய் வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள். 2007-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தறியை விட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள்.

அவர்கள் விட்டுவந்த வேலையின் கணக்கு வேறு. கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், இருபக்கக் கரைக்கு வேறு நிறம், ஆக மூன்று நாடா. நெசவாளரின் கையும் கரைநாடா தள்ளும் துணையாளின் கையும் ஒத்துப்போனால்தான் கரை உடலோடு சேரும். கூலி சேலைக்குத்தான், மணிக்கு இல்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, சொந்தத்தில் கல்யாணம் என்றால் தறியை நிறுத்திவிட்டு, பிறகு ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். அதற்காக அந்த வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஆளைத் தறியோடு கட்டிப்போட்டுவிடும்.

கம்பெனியில் எல்லாம் நிமிஷக் கணக்கு. கொரியர்கள் வயதுக்கும் பதவிக்கும் தலைவணங்குபவர்கள். வேலை முடிந்த பிறகும் மேலதிகாரியோடு உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே கடமை மாதிரி. பெரியவர் முன் அடக்கம் நமக்கும் புதிதில்லை. சாப்பாடு, பேச்சு, வேகம் எல்லாம் போகப்போகப் பழகிவிடும். மேலே இருப்பவரிடம் கேள்வி கேட்க யாருக்கு உரிமை என்ற இடத்தில்தான் உரசல் வருகிறது.

2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்தது. சம்பளமும் வேலை நேரமும் கோரிக்கையில் இருந்தன. முக்கியமானது, சங்கத்தை அங்கீகரிப்பது. கொரியர்களின் பண்பாடே அப்படித்தான், நாம்தான் அனுசரித்துப்போக வேண்டும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு ஜூலையில் தென்கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கமே கூடாது என்ற பழைய கொள்கையைக் கைவிடுவதாக சாம்சங் தலைமையில் இருந்த லீ ஜே யோங் 2020 மே மாதத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு உறுதி தந்திருந்தார். சியோலில் கைவிட்டதைச் சுங்குவார்சத்திரத்தில் பண்பாடு என்று எப்படிச் சொல்வது?

நம் பக்கத்து வழக்கத்தையும் பார்க்க வேண்டும். 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த மண் இது. 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் சென்னையில்தான். தொழிற்சங்கச் சட்டம் 1926-லேயே இயற்றப்பட்டது. இருந்தும் சாம்சங் தொழிலாளர்களால் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் தங்கள் சங்கத்தைப் பதிவுசெய்ய முடிந்தது.

முதலீட்டாளர்களை வருந்தி அழைக்கும் அரசு, நிலத்தையும் மின்சாரத்தையும் சலுகைகளையும் எடுத்துச்சொல்லும்போதே, இங்கே தொழிலாளி சங்கம் வைப்பான், அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதையும் ஒப்பந்தம் போடும் அன்றே சொல்லிவிட வேண்டும்.