அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பது யார்?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கடிகாரம்கூட கொஞ்சம் வேகமாக ஓட ஆரம்பித்துவிடும். ஜவுளி எடுத்தாச்சா, தைக்கக் கொடுத்த ரவிக்கை வந்தாச்சா, ஊருக்கு டிக்கெட் கிடைச்சதா, போனஸ் எப்போ... இதற்கு நடுவில் ஆபீஸ், பள்ளிக்கூடம், டியூஷன், அடைமழை! ஒரே வீட்டில் இருந்தும் உட்கார்ந்து பேச நேரமில்லாத குடும்பங்களுக்கு, எல்லோரும் சேர்ந்திருக்கக் கிடைக்கும் சில நாட்களில் தீபாவளியும் ஒன்று.

ஆனால், அன்றைக்காவது எல்லோரும் சேர்ந்துதான் இருக்கிறோமா? கூடத்தில் மூன்று பேர் டி.வி. முன்னால், ஆளுக்கொரு செல்போனோடு. ஒருவர் மட்டும் சமையலறையில். அந்த ஒருவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

தீபாவளி முடிந்த வாரத்தில் என் வைத்தியசாலைக்கு இரண்டு வகையினர் வருவார்கள். அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு மந்தம், வாயு, பேதி என்று வருகிறவர்கள் ஒரு வகை. நேரத்துக்குச் சாப்பிடாமல், தூங்காமல், நின்று நின்றே இடுப்பு வலி, கால் வீக்கம், தலைசுற்றல் என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் வீட்டில் உள்ள எல்லோரும் உண்டு. இரண்டாவது வகையில் பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

பண்டிகைக்குள் ஒளிந்திருக்கும் வைத்தியம்

சித்த மருத்துவம் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, குளிர்ச்சியும் ஈரமும் ஏறும் நேரம். சளி, இருமல், அஜீரணம் எல்லாம் எட்டிப் பார்க்கும். அந்தச் சமயத்தில் வரும் பண்டிகைக்கு நம் பெரியவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்து வைத்தார்கள். எண்ணெய்க் குளியல், லேகியம், எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுவது.

இந்த மூன்றையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதுவுமே தனியாகச் செய்கிற காரியம் இல்லை. ஒருவர் எண்ணெய் வைக்க, இன்னொருவர் தலையைக் காட்ட வேண்டும். ஒருவர் லேகியத்தை உருட்டித் தர, இன்னொருவர் வாங்கிக் கொள்ள வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் என்று ஏற்பட்ட இந்த வைத்தியம், அதைச் செய்கிற அம்மாவுக்கு மட்டும் கிடைக்காமல் போகலாமா?

வெந்நீர் ஆறிப் போச்சு டாக்டர்!

சில வருஷங்களுக்கு முன்னால், தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் ஒரு பள்ளி ஆசிரியை கணவரோடு வந்தார். வயது 46. ஏழு வருஷமாகச் சர்க்கரை நோய். நிமிர முடியாத இடுப்பு வலி, இரண்டு காலிலும் வீக்கம். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 210.

"தீபாவளி அன்னைக்கு மாத்திரை போட்டீங்களாம்மா?"

"ஞாபகமே இல்லை டாக்டர்."

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களா?"

"எல்லாருக்கும் வச்சு விட்டேன். நான் போறதுக்குள்ள வெந்நீர் ஆறிப் போச்சு. சும்மா தலையில தண்ணியை ஊத்திக்கிட்டு வந்துட்டேன்."

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். பக்கத்தில் இருந்த கணவர் தலையைக் குனிந்து கொண்டார்.

முதல் வேலையாக, அவர் வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை நோய் மருத்துவரிடம் அன்றே போகச் சொன்னேன். காலில் ஏறிய நீருக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? இடுப்புக்குத் தைலமும் கொடுத்தேன். கணவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "தீபாவளிக்கு உங்க வீட்டுல நடந்த வேலை எல்லாத்தையும் எழுதுங்க. பக்கத்துல யார் செஞ்சாங்கன்னும் எழுதுங்க" என்றேன். ஒட்டடை அடித்ததில் தொடங்கி விருந்தாளிகளுக்குக் காபி போட்டது வரை எழுதினார். பாதித் தாள் வருவதற்குள் பேனா நின்றுவிட்டது. பட்டாசு வாங்கியதையும் ஜவுளிக்கடையில் பணம் கொடுத்ததையும் தவிர மற்றதெல்லாம் ஒரே பெயர்!

அவர் கெட்ட மனிதர் இல்லை. வேலை இருப்பதே கண்ணில் படாமல் வளர்ந்தவர். நம்மில் பலரும் அப்படித்தானே!

லேகியம் கிளற நாலு பேர்

"லேகியம்தான் கடையிலே கிடைக்குதே?" என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. நேரமே இல்லையென்றால் வாங்கிக் கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் ஓர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால், வீட்டில் நாலு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

சுக்கு 25 கிராம், மல்லி (தனியா) 25 கிராம், ஓமம் 20 கிராம், மிளகு, சீரகம், திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை இவை ஐந்தும் தலா 10 கிராம். எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெல்லம் கால் கிலோ, நெய் 50 மி.லி., நல்லெண்ணெய் 50 மி.லி., தேன் இரண்டு மேஜைக்கரண்டி.

சரக்குகளைக் குப்பை பொறுக்கி நிறுப்பது பிள்ளைகள் வேலை. சுக்கையும் சித்தரத்தையையும் தட்டி, எல்லாவற்றையும் இளம் வறுப்பாக வறுத்துப் பொடித்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிப் பாகு காய்ச்சி, பொடியைத் தூவி, சிறு தீயில் கிளற வேண்டும். நெய்யையும் நல்லெண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொண்டே கிளறினால் கையில் ஒட்டாத பதம் வரும். கை கடுக்கும் இந்த வேலை அப்பாவுக்கு! பதம் பார்த்துச் சொல்வது பாட்டி. ஆறிய பிறகுதான் தேன் சேர்க்க வேண்டும். அம்மா? நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும்.

தீபாவளியன்று குளித்தவுடன், பலகாரம் வாயில் வைப்பதற்கு முன், பெரியவர்களுக்குச் சிறு நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு போதும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது, ஆகவே லேகியமும் வேண்டாம். கர்ப்பிணிகளும் வயிற்றுப் புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மருந்துதானே என்று சர்க்கரை நோயாளிகள் அள்ளிச் சாப்பிடக் கூடாது, அதில் இருப்பது வெல்லம்.

எண்ணெய்க் குளியலில் கவனம்

நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டு இளஞ்சூடாக்கித் தேய்த்து, கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறினால் போதும். எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பது தேரையரின் நோயணுகா விதி. பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்த பாடம் அது. அன்றைக்குப் பகல் தூக்கமும் ஆகாது. காய்ச்சல், கடும் சளி, மூச்சிரைப்பு இருக்கிறவர்கள் வேறொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்கள்.

குளியலறைத் தரையில் வழியும் எண்ணெயை ஒவ்வொருவர் குளித்த பிறகும் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். தாத்தா, பாட்டி குளிக்கும்போது கதவுக்கு வெளியே ஒருவர் நின்றால் நல்லது.

சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால்

பலகாரத்தைவிட நான் பயப்படுவது நேரம் தவறுவதைத்தான். காலையில் ஊசியோ மாத்திரையோ போட்டுக் கொண்டு, பூஜை முடியட்டும் என்று பத்து மணி வரை பட்டினி கிடப்பார்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்து வேளையை நினைவூட்டும் பொறுப்பை வீட்டில் ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்து விடுங்கள், அலாரத்தைவிட ஒழுங்காகச் செய்யும்!

பலகாரமும் அப்படித்தான். ஆறு வகை செய்து அலுத்துப் போவதைவிட, வீட்டில் ஓர் இனிப்பு, ஒரு காரம் போதும். முறுக்கு பிழிய, தட்டை தட்ட எல்லோரும் உட்காருங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

மறு வருஷம் அந்த ஆசிரியை தீபாவளிக்கு முன்னாலேயே வந்தார், லேகியச் சரக்குகளின் அளவு கேட்க! "கிளறப் போறது இவர்தான் டாக்டர்" என்றார். பண்டிகை முடிந்த பிறகு கணவர் மட்டும் வந்தார், தோள் வலிக்குத் தைலம் வாங்க. "லேகியம் கிளறினதுல வந்தது சார். ஆனா இந்த வருஷம் நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து எட்டு மணிக்கே இட்லி சாப்பிட்டோம்" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். எல்லோர் தலைக்கும் எண்ணெய் வைத்துவிட்டு அம்மா கிண்ணத்தோடு எழுந்திருக்கும்போது, கையைப் பிடித்து மணையில் உட்கார வையுங்கள். மகளோ, மகனோ, கணவரோ, மாமியாரோ யாராவது ஒருவர் அந்தத் தலைக்கு எண்ணெய் வையுங்கள். ஒரு வாளி வெந்நீரும் எடுத்து வையுங்கள், சூடாக!

அனைவருக்கும் என் தீபாவளி வாழ்த்துகள்.