உனக்கு எப்படித் தெரியும்?



2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வாரம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். தரைக்கு டைல்ஸ் பதிக்க பீகார் மாநிலத்தில் இருந்து அண்ணன், தம்பி இருவர் வந்து தங்கியிருந்தார்கள். குழாயடியில் என்னைப் பார்த்தால், "வணக்கம் சார்!" என்று தமிழில் சொல்வார்கள். இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்ட தமிழ் அது!

ஒருநாள் காலை அந்த வீட்டில் வேலை நடக்கவில்லை. இரண்டு பேரும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. கொத்தனார்தான் விவரம் சொன்னார்.

ஊரில் இருக்கும் அவர்களுடைய அம்மா இரவு முழுவதும் போன் செய்து அழுதிருக்கிறார். "தமிழ்நாட்டில் நம் ஆட்களை அடிக்கிறார்களாமே! உடனே கிளம்பி வந்துவிடுங்கள்" என்று ஒரே புலம்பல். "எங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா. இப்போதுதான் சாப்பிட்டோம்" என்று பிள்ளைகள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "நான் வீடியோவில் பார்த்தேனே! யாரோ உங்களை மிரட்டி இப்படிப் பேச வைக்கிறார்கள்" என்றாராம்.

பார்த்தீர்களா குழந்தைகளே! சங்கரன்கோவிலில் இருக்கும் பிள்ளைகள் சொல்வதைத் தாய் நம்பவில்லை. முகம் தெரியாத யாரோ அனுப்பிய வீடியோவை நம்பிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. பயம் வந்தால் பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

நாட்காட்டி சொன்ன உண்மை

அன்று மாலை என் பேரன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிற பையன்.

"தாத்தா, இதைப் பாருங்க! பயந்துபோய் எல்லாரும் தமிழ்நாட்டை விட்டு ஓடுறாங்களாம்!"

ஒரு ரயில் நிலையம். நிற்க இடம் இல்லாத அளவுக்குக் கூட்டம். பார்த்தால் யாருக்கும் 'ஐயோ!' என்றுதான் இருக்கும்.

"பயந்து ஓடுறாங்கன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன்.

"படத்துக்குக் கீழே எழுதியிருக்கே தாத்தா!"

"எழுதினது யாரு?"

பேரன் விழித்தான். "சரி, அந்தத் தினசரி காலண்டரைக் கொஞ்சம் புரட்டிப் பாரு" என்றேன். புரட்டினான். மார்ச் 8, ஹோலிப் பண்டிகை! வட மாநிலத்தவருக்கு அது நம் பொங்கல், தீபாவளி மாதிரி. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாட்களில் ஊருக்குப் போகிறவர்களால் ரயில் நிரம்பி வழியும். தீபாவளிக்கு முந்தைய நாள் நம் ஊர்ப் பேருந்து நிலையம் இருக்குமே, அதைப் போல!

பயந்து கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால், படத்தைப் பார்த்து மட்டும் அதைச் சொல்ல முடியாது. கூட்டம் உண்மை, கீழே எழுதிய காரணத்துக்குத்தான் சாட்சி இல்லை. இதுதான் முதல் பாடம்.

அப்புறம் என்ன ஆயிற்று?

அப்போது தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு, பரவும் வீடியோக்கள் பொய்யானவை என்று அறிவித்தார். அவற்றில் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவர் மோதிக்கொண்டது. வேறொரு வீடியோ நம் மாநிலமே இல்லை. ராஜஸ்தானில் உள்ள ஜோத்பூரில் நடந்த சம்பவம் என்பதை, ஆல்ட் நியூஸ் போன்ற செய்தி சரிபார்க்கும் அமைப்புகள் கண்டுபிடித்துச் சொல்லின.

பீகார் அரசும் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் நான்கு பேரைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அவர்கள் சென்னை, திருப்பூர், கோவை என்று நேரிலேயே போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். பொய் வீடியோக்கள்தான் பயத்தைக் கிளப்பின என்பது தெளிவானது.

இதில் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. செல்போனில் மட்டும் இந்தப் பொய் பரவவில்லை. வட இந்தியாவில் சில பத்திரிகைகளும் சரிபார்க்காமல் இதைச் செய்தியாகப் போட்டுவிட்டன! 'பேப்பரிலேயே வந்துவிட்டதே' என்று மக்கள் இன்னும் பயந்தார்கள்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பாட்டிமார்கள் சும்மாவா சொன்னார்கள்?

நான் செய்த தப்பு

பொய்ச் செய்தி ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. அதில் பொய்யே இருக்காது. ஆனால் பாதி உண்மைதான் இருக்கும். அதைப் புரியவைக்க நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒருநாள், ஐந்தாம் வகுப்பு லீடர் ஓடிவந்து, "சார், இவன் அவனுடைய நோட்டைக் கிழித்துவிட்டான்!" என்று ஒரு பையனைக் காட்டினான். கிழிந்த நோட்டும் கையில் இருந்தது. நான் வேறு எதுவும் கேட்காமல் அந்தப் பையனை ஒரு பீரியடு முழுவதும் வெளியே நிற்க வைத்தேன்.

மதியம்தான் விஷயம் தெரிந்தது. இரண்டு பையன்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்ததில் நோட்டு கிழிந்திருக்கிறது. லீடருக்கும் அந்தப் பையனுக்கும் முந்தைய நாள் கபடியில் சண்டை. அதனால் லீடர் ஒருவன் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறான்!

லீடர் பொய் சொன்னானா? இல்லை. முழு உண்மையைச் சொன்னானா? அதுவும் இல்லை. இதைத்தான் ஒருதலைப்பட்சம் அல்லது பாரபட்சம் என்கிறோம்.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும், "நேற்று நான் விசாரிக்காமல் தண்டித்தது தப்பு" என்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு பிள்ளைகள் என்னை அதிகமாகவே நம்பினார்கள்.

ஒன்றே முக்கால் ரூபாய்ப் பத்திரிகை

வகுப்பில் நடந்தது போலவே நாட்டிலும் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தி. முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஆங்கிலேயர்கள் கையில் இருந்த பத்திரிகைகள், 'இந்தியரை எப்படி நியமிக்கலாம்?' என்று எதிர்த்து எழுதின.

பதில் சொல்ல நம்மவர்கள் கையில் வலுவான பத்திரிகை இல்லை. ஒரு பக்கத்துக் குரல்தான் ஊருக்குக் கேட்டது. திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேருக்கு இது பொறுக்கவில்லை. அவர்களில் இருவர் ஆசிரியர்கள். நான்கு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று வெளிவந்த அந்த ஆங்கில வாரப் பத்திரிகைதான் 'தி இந்து'.

அந்த ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882-இல் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். நமக்குப் பக்கத்து ஊரான எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 1904-இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்தது அந்தப் பத்திரிகையில்தான்!

இன்னொரு பக்கத்தைச் சொல்லவும் ஒரு பத்திரிகை வந்ததால்தான் படிப்பவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஆனால் ஒன்று, குழந்தைகளே! எந்தப் பத்திரிகையையும் மனிதர்கள்தான் நடத்துகிறார்கள். விருப்பு வெறுப்பு எல்லாருக்கும் உண்டு. அதனால் எது நமக்குப் பிடித்த பத்திரிகையோ, அதையும் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

ஒரு பந்தயம், இரண்டு தலைப்பு

சங்கரன்கோவில் அணியும் புளியங்குடி அணியும் கபடி விளையாடுவதாக வைத்துக்கொள்வோம். புளியங்குடி 32, சங்கரன்கோவில் 30. மறுநாள் இரண்டு தலைப்புகள்:

'கடைசி நிமிடம் வரை போராடிய சங்கரன்கோவில் வீரர்கள்!'

'மண்ணைக் கவ்வியது சங்கரன்கோவில்!'

இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் படித்ததும் மனதில் தோன்றும் படம் வேறு வேறு, இல்லையா? வார்த்தை மாறினால் எண்ணம் மாறும். ஒரு செய்தியை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடுவதும், ஒன்பதாம் பக்கத்தில் மூலையில் போடுவதும் அப்படித்தான். போடாமலே விட்டுவிடுவதும் ஒரு வகைப் பாரபட்சம்தான்.

நல்ல செய்தியைக் கண்டுபிடிக்க ஆறு கேள்விகள்

1. யார் பொறுப்பு? நாளிதழின் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களும் இடமும் இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் போட வேண்டும் என்று 1867-லேயே சட்டம் வந்துவிட்டது. தப்பு என்றால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். செல்போனில் சுற்றும் செய்திக்கு அப்படி ஆள் உண்டா?

2. யார் சொன்னது? நேரில் பார்த்தவரா? காவல்துறையா? மருத்துவரா? பெயரே இல்லாமல் 'கூறப்படுகிறது', 'பேசிக்கொள்கிறார்கள்' என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

3. எங்கே, எப்போது? வீடியோவில் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது? வண்டி நம்பர் எந்த மாநிலம்? நம் ஊர் வண்டி என்றால் டி.என். 79 என்று இருக்கும். ராஜஸ்தான் வண்டி என்றால் ஆர்.ஜே. என்று தொடங்கும். இப்போது கணினியே இல்லாத காட்சியை உருவாக்கிவிடுகிறது. அதனால் வேறு யாராவது பொறுப்பானவர்கள் அந்தச் செய்தியைச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

4. இரண்டு பக்கமும் இருக்கிறதா? குற்றம் சாட்டப்பட்டவரிடமும் கேட்டார்களா? வகுப்பு லீடரை மறக்காதீர்கள்!

5. செய்தியா, கருத்தா, விளம்பரமா? தலையங்கம் என்பது பத்திரிகையின் கருத்து. செய்தி மாதிரியே அச்சாகி, மூலையில் சின்னதாக 'விளம்பரம்' என்று இருந்தால் அது காசு கொடுத்துப் போட்டது.

6. தப்பைத் திருத்துகிறார்களா? 'நேற்று வெளியான செய்தியில் பிழை. வருந்துகிறோம்' என்று போடும் பத்திரிகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதற்குத்தான் கூடுதல் மதிப்பெண்! திருத்த மறுத்தால் முறையிட இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருக்கிறது. அது 1966-இல் முதலில் அமைக்கப்பட்டது.

இதற்காக எதையுமே நம்பக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். எதையும் நம்பாதவனையும் ஏமாற்றுவது சுலபம். உண்மையைச் சொன்னாலும் அவன் கேட்க மாட்டானே! யார் சொன்னாலும் அதில் உள்ள உண்மையைப் பார் என்றுதான் 'அறிவுடைமை' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். குறளைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

நூலகத்துக்குப் போங்கள். ஒரே நாளில் வந்த இரண்டு நாளிதழ்களை எடுங்கள். ஒரே செய்தியை இரண்டிலும் படித்து, எது இரண்டிலும் இருக்கிறது, எது ஒன்றில் மட்டும் இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டிலும் இருப்பதுகூட ஒரே ஆள் சொன்னதாக இருக்கலாம். அதையும் கவனியுங்கள். இந்தத் தாத்தா சொன்ன ஆண்டுகளும் பெயர்களும் சரிதானா என்றும் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்!

எங்கள் தெருவுக்கு வந்த அண்ணன், தம்பி என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? அன்று சாயங்காலம் கொத்தனார் வீடியோ காலில் அவர்கள் அம்மாவிடம் தெருவையே சுற்றிக் காட்டினார். குழாயடியைக் காட்டினார், தூரத்தில் தெரிந்த கோவில் கோபுரத்தைக் காட்டினார். வீட்டுக்காரம்மா காபி டம்ளரோடு வந்து நின்றார். நானும் "வணக்கம்" சொன்னேன். பேரன் கையை ஆட்டினான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் சிரித்துவிட்டார்.

அண்ணன் ஹோலிக்கு ஊருக்குப் போனார். தம்பி இங்கேயே இருந்து டைல்ஸ் வேலையை முடித்தார்.

இனிமேல் உங்கள் கைக்கு எந்தச் செய்தி வந்தாலும், அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னால் 'எனக்கு இது எப்படித் தெரியும்?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வீர்கள்தானே? பதில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். எங்கோ ஓர் ஊரில் ஓர் அம்மா அன்று நிம்மதியாகத் தூங்குவார்.

- ஓய்வு பெற்ற ஆசிரியர், சங்கரன்கோவில்