உப்புக்காற்றில் ஒரு சைக்கிள் – 8: கடதாசி காப்பாற்றிய ஆணிகள்

போன வாரம் செயினை அடிமட்டத்தால் அளந்தோம். பன்னிரண்டு அங்குலத்தில் பதினாறிலொரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும், எட்டிலொன்று கூடியிருந்தால் பல்லுச் சக்கரமும் சேர்ந்தே போயிருக்கும். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் முன் சொக் என்று சொல்லியிருந்தேன். சொக்கில்தான் தொடங்குகிறேன். அதிலேயே முடிப்பேன் என்று வாக்குத் தர மாட்டேன். கிழமை முழுக்க என்னைப் பிடித்தாட்டியது பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் ஆணி.

முதலில் சொக். திருகோணமலையில் கியர் சைக்கிள் வாங்கப் போகும் பையன்கள் கடைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை, ஹாண்டிலைப் பிடித்து இரண்டு தரம் அமுக்கிப் பார்ப்பது. அமுங்கினால் நல்ல சைக்கிள். பின்னுக்கும் ஒரு ஸ்பிரிங் இருந்தால் இன்னும் நல்ல சைக்கிள். என்னைக் கேட்டால், மலிவு விலையில் பின் ஸ்பிரிங் வைத்த சைக்கிளைத் தொடவே வேண்டாம். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே குடித்துவிடும். அது ஆடும் மூட்டுகளில் மணல் புகுந்தால், திருத்தப் புஷ்ஷும் கிடைக்காது. மலிவான முன் சொக் தனியாகவே இரண்டரைக் கிலோ வரை வரும். சாதாரண இரும்பு போர்க் ஏறக்குறைய ஒரு கிலோ. கன்னியாப் பக்கத்துக் கிறவல் வீதியும் நிலாவெளி மணலும்தான் நமக்கு மலை. அதற்குப் பருமனான ரயரும் அளவான காற்றும் போதும். 1888 இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் மகனின் முச்சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரயர் செய்து கொடுத்தாரே, அதுதான் நமக்குக் கிடைத்த முதல் சொக். இன்றைக்கும் விலை குறைந்ததும் அதுதான்.

சரி, சொக் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அது எதனால் ஆனது? மேலே இரண்டு குரோம் பூசிய இரும்புக் குழாய்கள். கீழே அவை புகுந்து ஓடும் கால்கள்; ஓரளவு நல்ல சொக் என்றால் அந்தக் கால்கள் மக்னீசியக் கலவை. அடியில் இரும்பு போல்ட். இரும்பும் மக்னீசியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, சுற்றிவர உப்புக்காற்று. இங்கேதான் எனக்கு ஆணி ஞாபகம் வந்தது.

அதற்கு முன் ஒரு சீற் கதை. கிண்ணியாவில் பாலத்தடிக்குக் கிட்ட ஒரு சைக்கிள் திருத்தும் கடை. 2009 இல் அந்தப் பாலம் வரும் வரைக்கும் சனம் பாதைப் படகில் ஏறித்தான் கடந்தது. சைக்கிள்களும் விளிம்பில் சாய்ந்து நின்று உப்புத் தண்ணி குடித்தபடி கடந்தன. கடை நானா அந்தக் காலத்துச் சைக்கிள்களை எல்லாம் பார்த்தவர். நான் இருந்தபோது ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். வாங்கிய பிறகு பையன் ஓரடிக்குக் கிட்ட வளர்ந்துவிட்டான், சீற் வளரவில்லை. கிளிப்பை முழுதாகக் கழற்றியும் சீற் பைப் அசையவில்லை.

"எப்ப கடைசியாக் கழட்டின, தம்பி?"

"கழட்டவே இல்ல நானா. ஏன் கழட்டணும்?"

நானா கிளிப் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. "இது கறள் இல்ல. கறள் இரும்புக்கு. இது அலுமினியம், மாப் பூத்திருக்கு" என்றார்.

பிறகு சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி, சீற்றைக் கழற்றிவிட்டு, சீற் பைப்பின் நுனியை வைஸில் இறுக்கினார். முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டிருந்தால் நல்லது என்று முணுமுணுத்தபடி, ஊற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து பிறேமையே இரண்டு கையாலும் பிடித்துக் கப்பல் சுக்கான் போல மெல்ல முறுக்கினார். முதலில் அசையவில்லை. பிறகு பல்லுக் கூசும் ஒரு சத்தம். அரை விரல் அளவு திரும்பியது. அப்படியே முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, ஒரு மணித்தியாலத்தில் பைப் வெளியே வந்தது. அதன் மேல் வெள்ளை மா கட்டியாக ஒட்டியிருந்தது, சில இடத்தில் நகம் புகுமளவு குழி.

அலுமினியம் அரிபட்டால் வரும் அந்த மா, அரிபட்ட உலோகத்தைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். குழாய்க்குள் இடம் ஏது? அதனால் இறுகிப் பூட்டிக்கொள்ளும். இரும்பு பிறேமுக்குள் அலுமினியப் பைப், இடையில் உப்பு ஈரம். அந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பற்றறி. இரண்டு உலோகத்தில் எது இளகிய குணமோ அது தன்னைக் கரைத்து மற்றதைக் காப்பாற்றும். கடல் தண்ணியில் அந்த வரிசை இப்படி: மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு. முன்னால் நிற்பது முதலில் சாகும்.

இப்போது ஆணி. பதினெட்டாம் நூற்றாண்டில் மரக் கப்பல்களுக்கு எமன், கப்பற்புழு. சூடான கடல்களில் அடி மரத்தைத் துளைத்துத் தின்றுவிடும். 1761 இல் பிரித்தானியக் கடற்படை 'அலார்ம்' என்ற 32 பீரங்கிக் கப்பலின் அடி முழுக்க மெல்லிய செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763 இல் திரும்பி வந்ததும் அடியைச் சோதித்தார்கள். செம்பு அருமையாக இருந்தது. புழு கிட்டவும் வரவில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துத் தேய்ந்து போயிருந்தன. சில இடங்களில் தகடே கழன்று போயிருந்தது.

எல்லா ஆணிகளுக்கும் அந்தக் கதி வரவில்லை. சில ஆணிகள் அடித்த அன்றைக்கு எப்படியோ அப்படியே இருந்தன. ஏன் என்று துருவிப் பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. செப்புத் தகடுகள் மண்ணிறக் கடதாசியில் சுற்றி வந்தவை. அவசரத்திலோ அலட்சியத்திலோ சில இடங்களில் தொழிலாளர் அந்தக் கடதாசியை முழுதாக உரிக்காமலே அடித்துவிட்டார்கள். கடதாசி இடையில் நின்று செம்பையும் இரும்பையும் தொட விடாமல் தடுத்த இடத்தில் ஆணி பிழைத்துக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள், கல்வானியின் தவளைக் கால் இன்னும் துடிக்கவில்லை, வோல்ட்டாவின் மின்கலம் வருவது 1800 இல். இரண்டு உலோகம் தொட்டால் மின்சாரம் பிறக்கும் என்ற கணக்கே இல்லாத காலத்தில், சோம்பேறித்தனமாக விட்ட ஒரு கடதாசித் துண்டு விடையைக் காட்டிக் கொடுத்தது. இதைப் படித்த அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. கடற்படைக்காரர் கடதாசியோடு நிற்காமல், 1780களில் இரும்பு ஆணிகளையே கைவிட்டுச் செப்புக் கலவை ஆணிகளுக்குப் போனார்கள்.

அடுத்த கூத்து 1824 இல். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, செப்புத் தகடும் கடலில் கரைகிறதே என்று, அதில் துத்தநாகத் துண்டும் இரும்புத் துண்டும் பொருத்திப் பார்த்தார். அவை கரைய, செம்பு துளியும் கரையவில்லை. வெற்றி! ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணியில் நஞ்சு கலந்ததால்தான் அதுவரை பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் சிப்பிகள் குடியேறி, கப்பல்களின் வேகம் குறைந்துவிட்டது. டேவியின் திட்டத்தைக் கடற்படை கைவிட்டது. யோசனை மட்டும் சாகவில்லை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கரையேற்றிய வள்ளம் ஒன்றின் அவுட்போட் எஞ்சின் காலைக் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில், தின்றது போல மேடும் பள்ளமுமாக ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். எஞ்சினுக்காகச் சாவதுதான் அதன் வேலை. தேய்ந்ததும் மீனவர் புதுசு பூட்டுவார்.

கப்பல் என்றதும் இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1817 இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டிய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி', நம் ஊர்ப் பெயர்தான். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றைக்கும் மிதக்கிறது.

சைக்கிளுக்கும் ஒரு துத்தநாகக் கட்டி பூட்டலாமா என்று சிலர் கேட்பீர்கள். பலிக்காது. கட்டியும் காக்க வேண்டிய உலோகமும் ஒரே தண்ணியில் மூழ்கியிருந்தால்தான் அது வேலை செய்யும். சைக்கிளில் ஈரம் அங்கங்கே மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. நமக்கு உதவுவது கடதாசிதான். அதாவது கிறீஸ்.

மாதம் ஒரு தரம் சீற் பைப்பைக் கழற்றுங்கள். உயரம் மாறாமல் இருக்க முதலில் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பைப்பையும் குழாயின் உட்புறத்தையும் துணியால் துடைத்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசித் திரும்பப் போடுங்கள். பெடலின் இரும்பு மரை அலுமினியக் கிராங்க்கில் ஏறும் இடத்துக்கும் ஹாண்டிலைப் பிடிக்கும் போல்ட்களுக்கும் இதே வைத்தியம். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றுவது, அதை மறந்து இன்னும் இறுக்கிவிடாதீர்கள். கிறீஸுக்காகக் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். வள்ள எஞ்சின் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள், கடல் தண்ணியில் கழுவுபடாத கிறீஸ் தருவார்கள். சைக்கிள் கடை டப்பாவைவிட அது எனக்குப் பிடிக்கும்.

சக்கரக் கம்பி மாற்றும்போது நிப்பிளைக் கவனியுங்கள். வண்ண வண்ண அலுமினிய நிப்பிள் அழகுதான், பாரமும் குறைவு. ஆனால் 'அலார்ம்' கப்பலின் கணக்கு இங்கேயும் உண்டு. சின்ன ஆணி, பெரிய செம்பு. அதனால் ஆணி விரைவாகப் போனது. இங்கே நீளமான கறள் பிடிக்காக் கம்பி, அதன் நுனியில் கடுகளவு அலுமினியம். வாடைக்காலம் ஒன்றிரண்டு கடந்ததும் தலை வெடித்துப் போகும். பித்தளை நிப்பிளே போடச் சொல்லுங்கள்.

கழுவுவது பற்றி. கச்சான் காலத்தில் நமக்குத் தூசிதான் தொல்லை, துணியும் தூரிகையும் போதும். வாடை தொடங்கிவிட்டால் உப்பும் மழையும் சேர்ந்து வரும், கடற்கரையில் ஓடிய அன்றே கழுவ வேண்டும். நல்ல தண்ணியில். கடலோர வீடுகளில் உவர்க் கிணறுகளுக்குக் குறைவில்லை. அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. மோட்டார் சைக்கிள் கழுவும் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பீச்சி அடிக்க விடாதீர்கள். அந்த வேகத்தில் தண்ணி போல்ஸ் இருக்கும் இடத்துக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே இருந்து அரிக்கும்.

மீன் வியாபாரிகளின் சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெட்டியில் இருந்து ஒழுகும் தண்ணி பின் சக்கரத்தில்தான் விழும். முன் றிம் பளபளக்க, பின் றிம் செதில் செதிலாக உதிரும். அவர்கள் செயினுக்குக் கழிவு எஞ்சின் ஒயில் ஊற்றுவதும் உண்டு. கறள் வராது, உண்மை. ஆனால் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு செயினை அரைக்கும்.

வாசகர் ஒருவர் 26 அங்குல ரயர் வாங்கிப் போனால் றிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ஏமாற்றவில்லை. 26 என்ற பெயரில் பல அளவுகள் உண்டு. ரயரின் பக்கச் சுவரில் மேடாக அச்சிட்ட சின்ன எழுத்தைத் தேடுங்கள், 50-559 என்று இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது றிம்மில் ரயர் அமரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். மவுண்டன் சைக்கிளின் 26 என்றால் 559. பழைய பெண்கள் சைக்கிளின் 26 சிலவற்றில் 590. இன்னொரு வேடிக்கை, இப்போது பெருமையாக விற்கும் 29 அங்குலச் சக்கரத்தின் விட்டம் 622. அப்பாமார் மிதித்த 28 அங்குலச் சைக்கிளின் விட்டம் 635. பெயரைப் பார்க்காமல் அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

சொக்குக்குத் திரும்பினால், ஆசிரியர் தந்த இடம் முடிந்துவிட்டது. மக்னீசியக் காலும் இரும்பு போல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதன் ஆபத்து இப்போது உங்களுக்கே விளங்கும். அடுத்த வாரம் வரை ஒன்று மட்டும் செய்யுங்கள். ஓடி வந்ததும் மேல் குழாயை உலர்ந்த துணியால் துடையுங்கள். சீல் ஓரத்தில் கறள் நீக்கி ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிறீஸைக் கழுவிக் கொண்டுபோய்விடும். ஹாண்டிலுக்குக் கீழே ஒரு பக்கத்தில் திருகும் குமிழ் இருக்கும். அதைத் திருகினால் சொக் மிருதுவாகும் அல்லது கடினமாகும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பெரும்பாலும் அது ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைக்கும் குமிழ்தான், ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றாது. அது ஏன், உங்கள் பாரத்துக்கு எவ்வளவு அமுங்க வேண்டும், ஐம்பது மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கால் உள்ளே என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அடுத்த வாரம். ஒரு றப்பர் வளையமும் அடிமட்டமும் எடுத்து வைத்திருங்கள், ஹாண்டிலைப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆளும் தேவைப்படும்.