ஆடிக் களித்த பாட்டு, அகதியின் பாட்டு

ரொறன்ரோவிலும் அதன் அயல் நகரங்களிலும் நடைபெறும் எம்மவரது கொண்டாட்டங்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பூப்புனித நீராட்டு விழாவோ, திருமண வரவேற்போ, அறுபதாவது பிறந்தநாளோ, எதுவாயினும் இராப்போசனம் முடிந்ததும் இளையோர் ஆடத் தொடங்குவர். மூத்தோர் கதிரைகளில் ஒதுங்கி ஊர்க்கதை பேசுவர். ஆனால் பொனி எம் குழுவினரின் ‘றிவர்ஸ் ஒஃப் பாபிலோன்’ ஒலிக்கத் தொடங்கினாலோ நிலைமை மாறிவிடும். முழங்கால் நோவையும் மறந்து மாமன்மாரும் மாமிமாரும் எழுந்து வருவர். “இது எங்கடை காலத்து வெள்ளைக்காரப் பாட்டு” என்று பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்வர்.

அது வெள்ளைக்காரரிடம் பிறந்த பாட்டுமன்று. களியாட்டத்துக்கென எழுந்த பாட்டுமன்று. நாடிழந்தோரின் புலம்பல் அது. இவ்வுண்மையை அறிந்துகொள்வது, புகலிடத்தில் பிள்ளைகளை வளர்க்கும் எமக்கு இன்று பயனுடையதாகும்.

மேலைநாட்டு இசை எம் மண்ணுக்குப் புதியதன்று. 1950இல் தொடங்கப்பட்ட இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, ஆங்கிலப் பாடல்களை இலங்கையில் மட்டுமன்றி இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும் கேட்கச் செய்தது. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரையும் பைலாத் தாளத்தையும் எமது பேச்சுமொழியோடு இணைத்து, ஈழத்துப் பொப் இசைக்குப் பெரும் வரவேற்பைத் தேடித் தந்தனர். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் ஒலிநாடாக் கருவிகள் நாட்டுக்குள் பெருகின. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றவர்களும் அவற்றைக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டே பொனி எம் குழுவினரின் பாடல் உலகெங்கும் பரவியது. பிரித்தானியாவில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்று, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்பனையான பாடல் அது. எம் ஊர்களின் றெக்கோடிங் பார்களிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளிலும் அது இடம்பிடித்ததில் வியப்பில்லை.

ஆனால் அப்பாடலின் வேர் 1978இல் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்து, யூத மக்களிற் பெருந்தொகையினரைச் சிறைப்பிடித்துச் சென்றான். அந்நிய நாட்டின் ஆற்றங்கரையில் அமர்ந்து அவர்கள் அழுத அழுகையே விவிலியத்தின் 137ஆம் சங்கீதம். சிறைப்பிடித்தவர்கள் அவர்களை நோக்கி, உங்கள் ஊர்ப் பாட்டொன்றைப் பாடுங்கள் என்று கேட்கின்றனர். மனம் முறிந்தவர்களோ, பிறர் மண்ணில் அதனை எவ்விதம் பாடுவது என்று திகைக்கின்றனர்.

ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்த ஜமேக்கா மக்கள், இச்சங்கீதத்தில் தமது கதையைக் கண்டனர். ரஸ்தபாரி சமயத்தவர்க்குப் பாபிலோன் என்பது தம்மை ஒடுக்கிய ஆதிக்கத்தின் பெயர். 1970இல் ‘த மெலோடியன்ஸ்’ என்னும் ஜமேக்கக் குழுவினரே இதனை முதலில் பாடலாக்கினர். மூலச் சங்கீதத்தின் இறுதியில், பகைவரின் குழந்தைகளுக்கும் கேடு நினைக்கும் கொடிய வரிகள் உண்டு. அவர்கள் அவற்றைச் சேர்க்கவில்லை. துயரத்தை எடுத்துக்கொண்டு, பழியை விட்டுவிட்டனர். இது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

பொனி எம் குழுவின் நால்வரும் கரிபியன் தீவுகளிற் பிறந்து ஐரோப்பாவுக்கு வந்தவர்களே. லிஸ் மிச்சலும் மார்சியா பரற்றும் ஜமேக்காவினர். மெய்சி வில்லியம்ஸ் மொன்செராற் தீவினர். 2010இல் காலமான பொபி பரல் அறூபாத் தீவினர். பிராங் பாரியன் என்னும் ஜேர்மனியத் தயாரிப்பாளர் இவர்களை ஒன்றுசேர்த்தார். ரஸ்தபாரிச் சொற்கள் மாற்றப்பட்டன, தாளம் துள்ளலாயிற்று. உலகம் ஆடியது, நாமும் ஆடினோம். சொற்களை எவரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்த வேண்டிய காலம் தொலைவில் இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஆடிக் கலவரம் ஆயிரக்கணக்கானோரை நாட்டைவிட்டே துரத்தியது. அப்பாடலை உலகுக்கு அனுப்பிய அதே மேற்கு ஜேர்மனிக்கு எம் இளைஞர் பலர் அகதிகளாகச் சென்றனர். 1986 ஆவணி மாதத்தில், நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றினார்கள் அல்லவா? அவர்கள் கப்பலேறியதும் மேற்கு ஜேர்மனியிலேதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் தாளமாக மட்டும் கேட்ட பாட்டின் பொருள், அப்போது எம் வாழ்வாகவே ஆகிவிட்டிருந்தது.

இதனைப் போன்ற இன்னொரு கதையும் உண்டு. 1975இல் வெளிவந்த ‘பொஹீமியன் றப்சடி’ பாடலை இன்றைய இளையோரும் அறிவர். அதனை இயற்றிப் பாடிய பிறெடி மேர்க்குரியின் இயற்பெயர் பாறூக் புல்சாரா. குஜராத்திப் பார்சிக் குடும்பத்தவரான அவர் 1946இல் சன்சிபாரில் பிறந்தார். இந்தியாவின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியிற் படித்தார். 1964இல் சன்சிபாரில் புரட்சி வெடித்தபோது உயிர் தப்பி இங்கிலாந்து சென்ற குடும்பம் அது. இங்கிலாந்தின் பெருமையென இன்று போற்றப்படும் குரல், ஓடிவந்தவர் ஒருவரின் குரலே.

ரொறன்ரோவிலும் இதற்குச் சான்று உண்டு. எக்ளின்ரன் மேற்கு வீதியிலுள்ள ‘சிறிய ஜமேக்கா’ப் பகுதி, கரிபியனுக்கு வெளியே றெகே இசை தழைத்த முக்கிய இடங்களுள் ஒன்று. அவ்விசையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜக்கி மிற்றூ இந்நகரிற் குடியேறி, 1990இல் இங்கேயே காலமானார். ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் எமக்குப் பக்கத்து வீட்டாராகப் பல்லாண்டு வாழ்ந்தவர்கள் அக்கரிபியன் மக்களே. மாடிப்படியிற் சந்தித்துத் தலையசைத்துச் செல்லும் அயலவர், எம் முற்றத்து நினைவுகளுக்குப் பாட்டுத் தந்தவர்களின் உறவினர் என்பதை எம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

இப்போது வீட்டுக்குள் வருவோம். “உந்த மேற்கத்தைய இரைச்சலை நிற்பாட்டு” என்று மகனைக் கண்டிக்கும் தந்தையர் எம்மிடையே பலர். அவர்களே மண்டபத்தில் பொனி எம்முக்கு ஆடுகின்றனர். பிள்ளைகள் இதனைக் கவனியாமலில்லை. தமிழ்ப் பாட்டு எமது, ஆங்கிலப் பாட்டு அவர்களது என்று நாம் போடும் கோடு உண்மையில் இல்லாத கோடு. பிள்ளை கேட்கும் பாட்டை நிறுத்துவதிலும் அது எங்கிருந்து வந்தது, பாடியவர் யார் எனக் கேட்டறிவது நன்று. அக்கேள்வி ஒரு வாசலைத் திறக்கும். நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லவும் அவ்வாசலே போதும்.

சொல்ல வேண்டியவை மிகுதி. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, மின்கலங்களுக்கும் தடை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை எம்முடையது. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கைவிட்ட வீடுகளோடு ஒலிநாடாப் பெட்டிகளும் போயின. பிள்ளைகளுக்கு இவை தெரியா, நாம் சொன்னதில்லை.

கனடா எம்மைச் சிறைப்பிடிக்கவில்லை, அடைக்கலம் தந்தது. ஆயினும் பன்முகப் பண்பாட்டு விழாக்களில் இந்நாடும் எம்மிடம், உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்கிறது. பாடுவோம், ஆடுவோம். அழுதவர்கள் பின்னர் ஆடுவது குற்றமன்று; உயிர்வாழ்தலின் அடையாளம் அது. ஆனால் அடுத்த முறை அப்பாட்டு ஒலிக்கையில், அருகில் நிற்கும் மகளிடமோ பேரனிடமோ அதன் பொருளையும் சொல்வோம். ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதவர்கள் யாரென்று அப்பிள்ளை கேட்டால், விவிலியத்திலிருந்து தொடங்கி எம் ஊர்வரை சொல்ல எம்மிடம் விடையுண்டு.